புதுக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால்... பாகம் வாங்கும் முன் அளந்து பாருங்கள்



விண்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 14.10.2025 அன்று நிறுத்திக்கொண்டது. நம் கடைகளில் இருந்த பழைய மிஷின்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. ஆகவே நம்மில் பலர் கடைக்குப் புதிய கம்ப்யூட்டர் போட வேண்டியதாயிற்று. கம்பெனி மிஷின் வாங்கியவர்கள் சிலர். உதிரி பாகங்களை வாங்கி, தெரிந்த பையனை வைத்து அசெம்பிள் செய்து கொண்டவர்களே அதிகம்.

இப்போது சந்திக்கும் இடமெல்லாம் கேட்கிற ஒரே குறை இதுதான்: "அண்ணாச்சி, மிஷின் புதுசு. ஆனா பழசை விட மெதுவா ஓடுது."

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. கவுண்டரில் பத்துப் பேர் நிற்கும்போது ஒரு பில்லுக்கு அரை நிமிடம் கூடுதலாக ஆனால், பில் போடும் பையன் என்ன செய்வான்? துண்டுச் சீட்டில் எழுதி சரக்கை அனுப்பிவிடுவான். "ராத்திரி ஏத்திக்கலாம்" என்பான். இரவில் நான்கு சீட்டு ஏறும், ஒன்று விட்டுப் போகும். மாதக் கடைசியில் குடோன் இருப்பும் கம்ப்யூட்டர் இருப்பும் ஒத்துவராது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள மொத்த வியாபாரிகளுக்கு, மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு 1.8.2023 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். லாரி தார்ப்பாய் கட்டி நிற்க, பில் வராமல் டிரைவர் சத்தம் போடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மிஷின் மெதுவானால் நமக்குக் கிடைக்கும் முதல் யோசனை, "ரேம் கூட்டிப் போடுங்க" என்பது. 2025-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ரேம் விலை உலகம் முழுவதும் கடுமையாக ஏறியது. செயற்கை அறிவு வேலைக்காகக் கட்டப்படும் பெரிய கம்ப்யூட்டர் நிலையங்கள் சரக்கை இழுத்துக்கொண்டதே முக்கியக் காரணம். அந்த விலை கொடுத்து வாங்கிப் போட்ட பிறகும் மிஷின் அதே நடை நடந்தால் யாரைக் கேட்பது? மூட்டை குறைவாக இருக்கிறது என்று தோன்றினால் நாம் முதலில் தராசில் ஏற்றுகிறோம். பிறகுதான் கமிஷன் மண்டிக்குப் போன் செய்கிறோம். கம்ப்யூட்டருக்கும் அதே முறைதான். அளப்பதற்கான தராசு மிஷினுக்குள்ளேயே இருக்கிறது, செலவு எதுவும் கிடையாது.

நான்கு பேர் செய்யும் வேலை

மிஷினுக்குள் நடப்பதை நம் கடையை வைத்தே புரிந்துகொள்ளலாம். பிராசஸர் என்பது கணக்குப்பிள்ளை. ரேம் என்பது அவர் முன்னால் இருக்கும் மேஜை. ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. என்பது குடோன். லேன் கேபிள் என்பது ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் வண்டி போகும் சந்து.

கணக்குப்பிள்ளை எவ்வளவு சுறுசுறுப்பானவராக இருந்தாலும், குடோனிலிருந்து சரக்கு வரத் தாமதமானால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மேஜை சிறியதாக இருந்தால் ஒவ்வொரு காகிதத்துக்கும் குடோனுக்கு ஆள் ஓட வேண்டும். சந்து அடைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் வேலை நிற்கும். நால்வரில் யாரால் வேலை நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மற்ற மூவருக்கும் செலவு செய்வது வீண்.

தராசு எங்கே இருக்கிறது?

கீபோர்டில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்ற ஜன்னல் திறக்கும். அதில் சி.பி.யு., மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று பத்திகள் இருக்கும். மேலே நான் சொன்ன நால்வரும் இவர்களே. ஒவ்வொன்றும் நூற்றுக்கு எத்தனை பங்கு உழைக்கிறது என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

மிஷின் நன்றாக ஓடும்போது பார்த்துப் பயனில்லை. மெதுவாகிற அந்த நேரத்தில் பார்க்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த நேரம், என்ன வேலை, எத்தனை வினாடி, எந்தப் பத்தி 90-ஐத் தாண்டியது என்று குறித்தால் போதும். காலையில் திறக்கும்போது மட்டுமா? மதிய வெயிலுக்குப் பிறகா? பில் போடும்போது மட்டுமா? அல்லது எல்லா வேலையிலுமா? இந்த நான்கு கேள்விக்கு விடை கிடைத்தால் நோய் எங்கே என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

ஒன்று கவனிக்க வேண்டும். விண்டோஸ் புதிதாக ஏற்றிய முதல் ஓரிரு நாட்கள் எந்த மிஷினும் கொஞ்சம் திணறும். அப்டேட்டுகள் இறங்கும், நாம் காப்பி செய்து போட்ட பழைய கோப்புகளுக்கு அது உள்ளுக்குள் அட்டவணை தயாரிக்கும், வைரஸ் சோதனையும் நடக்கும். யு.பி.எஸ். வசதி இருந்தால் ஓர் இரவு மிஷினை ஓடவிட்டு, காலையில் ரீஸ்டார்ட் செய்து, அதன் பிறகு அளக்கத் தொடங்குங்கள்.

டிஸ்க் பத்தி 100-ல் நின்றால்

அநேகக் கடைகளில் நோய் இங்கேதான். பிராசஸர், மதர்போர்டு எல்லாம் புதிது. ஆனால் "பழைய டேட்டா அதில்தானே இருக்கு" என்று பழைய ஹார்டு டிஸ்க்கையே மாட்டி, அதிலேயே விண்டோஸையும் ஏற்றியிருப்பார்கள். ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று. வெவ்வேறு இடத்தில் கிடக்கும் சின்னச் சின்னத் தகவல்களை அது வினாடிக்கு நூறு தடவை சுமாருக்குத்தான் எடுத்துத் தர முடியும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் கிடையாது. சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. கூட அதே வேலையை வினாடிக்குப் பல ஆயிரம் தடவை செய்யும். நீளமான ஒரே கோப்பைப் படிப்பதிலும் ஹார்டு டிஸ்க் வினாடிக்கு 100 முதல் 200 மெகாபைட், சாட்டா எஸ்.எஸ்.டி. 500-க்கு மேல், என்.வி.எம்.இ. வகை 3,000-க்கும் மேல் என்று வித்தியாசம் இருக்கிறது.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறந்தால், விண்டோஸ் இருக்கும் டிஸ்க் ஹெச்.டி.டி.யா, எஸ்.எஸ்.டி.யா என்று எழுதியே இருக்கும். ஹெச்.டி.டி. என்றிருந்தால் வேறு எதற்கும் செலவு செய்யாதீர்கள். விண்டோஸையும் பில்லிங் கணக்கையும் எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுங்கள். பழைய டிஸ்க்கை காப்பி எடுத்து வைக்கும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எஸ்.எஸ்.டி. வாங்கும்போது இரண்டு விஷயம். எம்.2 என்ற சின்னப் பட்டை வடிவத்தில் சாட்டாவும் வரும், என்.வி.எம்.இ.யும் வரும். பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும், வேகம் வேறு. பில்லில் எந்த வகை என்று எழுதி வாங்குங்கள். இரண்டாவது, உபயோகித்த சரக்கைப் புதிது என்று விற்கும் வழக்கம் எல்லாத் தொழிலிலும் உண்டு. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால், அந்த டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, உடல்நிலை நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும். புதிதாக வாங்கிய டிஸ்க் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியதாகக் காட்டினால், மறுநாள் காலையிலேயே வாங்கிய கடைக்குப் போய்விடுங்கள்.

மெமரி பத்தி நிரம்பி வழிந்தால்

விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ரேம் போதும் என்று அந்தக் கம்பெனி சொல்கிறது. ஏறுவதற்குத்தான் அது போதும். பில்லிங் மென்பொருள், பிரவுசரில் ஜி.எஸ்.டி. தளம், வாட்ஸ்அப், எக்ஸெல் என்று நாம் ஒன்றாகத் திறந்து வைக்கும் வேலைக்கு 8 ஜி.பி. குறைந்தபட்சம், 16 ஜி.பி. தாராளம். மெதுவாகும் நேரத்தில் மெமரி பத்தி 90-ஐத் தொட்டு நின்றால் ரேம் கூட்டுவது நியாயமான செலவு. 50, 60-லேயே இருந்தால் ரேம் கூட்டிப் பயன் இல்லை.

அதற்கு முன் இருக்கிற ரேம் சரியாக வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜர் மெமரி பக்கத்தில் வேகமும், எத்தனை சிலாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். 3200 என்று அட்டையில் போட்ட டி.டி.ஆர்.4 ரேம், பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை இயக்காவிட்டால் 2133, 2400, 2666 என்று குறைந்த வேகத்தில் ஓடுவது சகஜம். எட்டு ஜி.பி. ஒரே பட்டையாகப் போடுவதை விட நான்கு நான்காக இரண்டு பட்டை போட்டால் கணக்குப்பிள்ளைக்கு இரண்டு கையாலும் எடுக்க முடியும். நான்கு சிலாட் உள்ள மதர்போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் அந்த ஜோடி. மதர்போர்டோடு வரும் சின்னப் புத்தகத்தில் படம் போட்டிருக்கும். இவற்றால் பில் கவுண்டரில் பெரிய மாயம் நடந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கியதை முழுதாகப் பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான்.

வெயில் ஏற ஏற மெதுவானால்

காலையில் நன்றாக ஓடி, மதியம் தளர்கிற மிஷினுக்குப் பெரும்பாலும் சூடுதான் காரணம். பிராசஸர் 95, 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சி.பி.யு. பக்கத்தில் வேகம் என்ற இடத்தில், வேலை அதிகமாக இருக்கும் நேரத்திலும் பெட்டியில் போட்ட அளவுக்கு மிகக் கீழே எண் ஓடினால் இதைச் சந்தேகிக்கலாம். ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் சூட்டை டிகிரிக் கணக்கில் காட்டும்.

புது மிஷினில் ஏன் சூடு ஏறுகிறது? கூலரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியிருக்கலாம். நான்கு மூலையில் ஒரு பின் சரியாகப் பூட்டாமல் இருக்கலாம். பேஸ்ட் தடவ மறந்திருக்கலாம். மூன்றையும் அசெம்பிள் செய்தவரை வரவழைத்து, பத்து நிமிடத்தில் சரிபார்க்கச் சொல்லலாம். நாமே கழற்ற வேண்டாம், வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்தால் பிறகு பேச்சுக்கு இடமில்லை.

நம் தொழிலுக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. மிளகாய் வற்றல், மல்லி, மாவு, பருப்பு வியாபாரம் செய்யும் கடைகளில் பறக்கும் தூசி, மின்விசிறி வழியாக மிஷினுக்குள் போய்க் கூலரில் கம்பளி போலப் படிந்துவிடும். மிஷினைத் தரையில் மூட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மேஜை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பின்பக்கம் காற்றுப் போக வையுங்கள். மூடிய மர அலமாரிக்குள் வைப்பது அழகாக இருக்கும், மிஷினுக்கு அது சூளை.

நான்கு பத்தியும் அமைதியாக இருந்தும் திணறினால்

திரையில் ஜன்னலை நகர்த்தினால் இழுத்து இழுத்து வருகிறதா? டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால், படத்துக்கான சரியான டிரைவர் ஏற்றவில்லை என்று அர்த்தம். மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து சிப்செட், டிஸ்ப்ளே, லேன் டிரைவர்களை ஏற்றச் சொல்லுங்கள்.

அடுத்து, மிஷினோடு சேர்ந்து தானாகத் திறக்கும் மென்பொருள்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்ற பக்கத்தில் பட்டியல் இருக்கும். வேலைக்கு வேண்டாததை நிறுத்திவிடலாம், அழிக்க வேண்டியதில்லை. வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்று போதும். விண்டோஸிலேயே ஒன்று இருக்கிறது. அதன் மேல் வெளியிலிருந்து இரண்டு போட்டால், ஒரே வாசலில் இரண்டு காவலாளி நின்று ஒவ்வொரு மூட்டையையும் இரண்டு தடவை அவிழ்ப்பது போல ஆகும்.

லைசென்ஸ் இல்லாத விண்டோஸை "ஆக்டிவேட்" செய்து தருகிறேன் என்று போடப்படும் கள்ள மென்பொருள்களைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நமக்குத் தெரியாமல் மிஷினின் உழைப்பை வெளியார் வேலைக்குத் திருடுகிற நிரல்கள் அதோடு ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. யாரும் எதையும் திறக்காதபோதே சி.பி.யு. பத்தி உயர்ந்து நின்றால் எச்சரிக்கையாக இருங்கள். பேங்க் பாஸ்வேர்டும் அதே மிஷினில்தான் அடிக்கிறோம்.

பில் போடும்போது மட்டும் மெதுவானால்

இது மொத்தக் கடைகளுக்கே உரிய நோய். எங்கள் விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். கவுண்டருக்குப் புதிய மிஷின் போட்டார். எஸ்.எஸ்.டி., 8 ஜி.பி. ரேம், எல்லாம் சரியான சரக்கு. ஆனால் ஒரு பில்லைச் சேமிக்க இருபது வினாடிக்கு மேல் ஆயிற்று. "8 பத்தாது அண்ணாச்சி, 16 ஆக்கிருவோம்" என்று அசெம்பிள் செய்த தம்பி சொன்னார். "நீ மட்டமான சரக்கைப் போட்டுட்டே" என்று நண்பர் சொன்னார். பத்து வருடப் பழக்கம் அன்றோடு முறிந்துவிடும் போல இருந்தது.

நான் போனபோது இருவரையும் உட்காரவைத்து, பில் போடச் சொல்லி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சி.பி.யு. 10-ஐத் தாண்டவில்லை. மெமரி 55. டிஸ்க் 2. நெட்வொர்க்கிலும் பெரிதாக ஒன்றும் ஓடவில்லை. புது மிஷின் சும்மா உட்கார்ந்திருக்கிறது, ஆனால் பில் நகரவில்லை. அப்படியானால் அது யாருக்காகவோ காத்திருக்கிறது.

கணக்கு முழுவதும் உள்ளறையில் கணக்குப்பிள்ளையின் பழைய மிஷினில் இருந்தது. கவுண்டர் மிஷின் லேன் வழியாக அங்கே போய்த்தான் எழுதுகிறது. அந்தப் பழைய மிஷினில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். அங்கே டிஸ்க் பத்தி 100-ல் சிவந்து நின்றது. ஏழு வருடம் ஓடிய ஹார்டு டிஸ்க். புதியதன் மேல் போட்ட பழி முழுவதும் பழையதற்குச் சேர வேண்டியது. அன்று இரவு காப்பி எடுத்துவிட்டு, கணக்கைப் புது மிஷினின் எஸ்.எஸ்.டி.க்கு மாற்றி, பழைய மிஷினை அங்கிருந்து எடுத்துப் பார்க்கும்படி அமைத்தார் அந்தத் தம்பி. மறுநாள் பில் இரண்டு வினாடியில் சேமித்தது. ரேம் வாங்கவில்லை. இருவர் பழக்கமும் முறியவில்லை.

இந்த வகைக் கடைகளில் சந்தையும், அதாவது லேன் கேபிளையும், பார்க்க வேண்டும். கேபிளுக்குள் எட்டுக் கம்பி உண்டு. எட்டும் சரியாக இருந்தால் 1000 மெகாபிட் வேகம். எலி கடித்தோ, முனையில் சரியாக அமுக்காமலோ ஒன்று அறுந்தால், சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கி ஓடுவதுண்டு. பழைய சுவிட்ச் பெட்டியும் 100-ஐத் தாண்டாது. விண்டோஸ் நெட்வொர்க் செட்டிங்கில் இணைப்பு வேகம் எழுதியிருக்கும். கணக்கு வேறு மிஷினில் இருந்தால் கவுண்டர் மிஷினை வைஃபையில் ஓட்டாதீர்கள், கம்பி போடுங்கள். இரும்பு ஷட்டரும் மூட்டை அடுக்குகளும் வைஃபைக்கு எதிரி.

எதையும் தொடும் முன்

முதலில் காப்பி. டிஸ்க் மாற்றுவதோ, விண்டோஸ் மறுபடி ஏற்றுவதோ எதுவானாலும், கணக்கை இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, அதில் ஒன்றை வேறு மிஷினில் திறந்து பார்த்த பிறகே தொடங்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். மிஷின் வேகமாகி, கணக்கு காணாமல் போனால் அந்த வேகத்தை வைத்து என்ன செய்வது?

எல்லாப் பாகத்துக்கும் ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். தொழிலுக்கு வாங்கிய மிஷினுக்குக் கட்டிய வரியை முறைப்படி உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். அதை விட முக்கியம், பாகத்தின் சீரியல் எண் ஏறிய பில் இருந்தால்தான் வாரண்டி பேச முடியும்.

அசெம்பிள் செய்த தம்பியிடம் பேசும்போது "மிஷின் ஸ்லோ" என்று சொன்னால் அவரால் ஊகிக்க மட்டுமே முடியும். ஊகத்தில் அவர் கைக்கு முதலில் வருவது ரேம். "பன்னிரண்டு மணிக்கு மேல், பில் சேமிக்கும்போது, டிஸ்க் 100-ல் முப்பது வினாடி நிற்கிறது" என்று நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். போனிலேயே பாதி வழி சொல்லிவிடுவார். அவருக்கும் வீண் நடை மிச்சம்.

ஆகவே நண்பர்களே, மிஷின் மெதுவாக ஓடுகிறது என்று தோன்றினால் முதலில் நோட்டு, பிறகு டாஸ்க் மேனேஜர், பிறகு காப்பி, கடைசியில்தான் பணப்பெட்டி. இந்த வரிசையில் போனால் பல கடைகளில் செலவே இருக்காது. செலவு செய்தாலும் எதற்காகச் செய்கிறோம் என்று நமக்குத் தெரிந்திருக்கும்.